வீட்டிலிருந்து கொண்டுபோன தீர்ப்பு

பொன்னம்பலம் எந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவராகப் போனாலும் தீர்ப்பை வீட்டிலிருந்தே கொண்டுபோவார். இதில் ஒளிவுமறைவு கிடையாது. கனடாவின் ஸ்காபரோவில் தமிழ் விழா நடத்துகிற அத்தனை சங்கங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். பேச்சாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். இடையிடையே ஏதோ குறித்துக்கொள்வார். என்ன குறிக்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தவர், வீட்டுக்குப் போகும் வழியில் வாங்கவேண்டிய மரக்கறிகளின் பெயர்கள் என்று வெளியே வந்து சொன்னார். அப்படியிருந்தும், கடைசியில் அவர் எழும்பித் தீர்ப்புச் சொல்லும் அழகுக்காகவே சனம் கலையாமல் இருக்கும்.

தொழிலிலும் ஆள் அப்படித்தான். கார் ஓட்டப் பழக்குகிறவர். ஸ்டியரிங் பழகுகிறவரின் கையில், இன்னொரு பிரேக் இவருடைய காலடியில். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டே அடுத்தவர் ஓட்டுகிற காரை நிறுத்திப்போடுகிற அதிகாரம் பல வருசமாகப் பழகிப்போயிற்று. வீட்டிலும் அப்படியொரு பிரேக் தன் காலடியில் இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். மனைவி பாலேஸ்வரி அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஒக்டோபரில் பழைய மாணவர் சங்கம் வைத்த பட்டிமன்றத்துக்கு, ‘பிற நாட்டின்மீது படை ஏவுமுன் அமெரிக்க ஜனாதிபதி காங்கிரசின் சம்மதத்தைக் கேட்கவேண்டுமா, வேண்டாமா?’ என்று தலைப்பு. அந்த ஆவணியில்தான் அமெரிக்கா சூடானிலும் ஆப்கானிஸ்தானிலும் ஏவுகணை விட்டிருந்தது. சூடானில் விழுந்தது மருந்துத் தொழிற்சாலையில் என்று ஒரு பகுதி, மருந்தின் பெயரில் வேறேதோ நடந்த இடம் என்று மறு பகுதி, தொலைக்காட்சியில் ஒரே இழுபறி. சங்கத்துக்கு அது நல்ல வாய்ப்பு. சொந்த ஊர் ஜனாதிபதியைப் பற்றித் தலைப்பு வைத்தால் மண்டபத்தில் கதிரை பறக்கும். கனடாப் பிரதமரைப் பற்றி வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி என்றால் யாருக்கும் நோகாது, எல்லாருமாகச் சேர்ந்து திட்டலாம்.

இந்த முறைத் தீர்ப்பு பொன்னம்பலத்துக்குக் குளிக்கும்போதே கிடைத்துவிட்டது. ‘கேட்கத் தேவையில்லை.’ வீடு பற்றி எரியும்போது கூட்டம் கூட்டி வாக்கெடுத்தா தண்ணீர் ஊற்றுவார்கள்? அதோடு, கேட்கவேண்டும் என்ற அணிக்குத் தலைவி அவருடைய தங்கை நிலாணி. சொந்தத் தங்கையைத் தோற்கடித்தால் நடுநிலை தவறாதவர் என்று பெயரும் வந்து சேரும்.

இதெல்லாம் சரி. அவரை அரித்தது வேறொரு சங்கதி.

நிலாணிக்கு இருபத்தேழு வயது. வங்கியில் வேலை. தகப்பன் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட, அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, படிக்கவைத்து, டோர்செட் பார்க் அடுக்குமாடியில் தன்னோடு வைத்துப் பார்த்தவர் பொன்னம்பலம்தான். அவளும் அண்ணனுக்கு எதையும் மறைத்ததில்லை. வேலையிடத்தில் மேலாளர் முறைத்தது முதல் பல்லில் சூத்தை விழுந்தது வரை, வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் அவரிடம்தான் சொல்லுவாள். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை.

போன ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கிலிருந்து புனிதவதி தொலைபேசியில் வந்தார். ஊரில் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். மகன் கீதனுக்குப் பெண் தேடுகிறார். பையன் கம்பியூட்டர் படித்தவன், தினமும் ரயிலில் நகருக்குள் வேலைக்குப் போய்வருகிறான், சிகரெட் கிடையாது, சொந்தமாகப் புது வீடு. கேட்கக் கேட்கப் பொன்னம்பலத்துக்கு வாயெல்லாம் பல்.

“தங்கச்சிக்குச் சம்மதம்தானே தம்பி?” என்று புனிதவதி கேட்டார்.

“அவ என்ர சொல்லைத் தட்டமாட்டா அக்கா. நீங்கள் கலியாணத்தை முற்றாக்குங்கோ” என்று இவர் சொல்லிப்போட்டார்.

அடுப்படியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த பாலேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.

நிலாணியைக் கேட்கக்கூடாது என்றில்லை. கேட்கத்தான் பார்த்தார். அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பக்கத்தில் போய் நின்று வாயைத் திறப்பார். “குளிர் கூடிப்போச்சு, என்ன?” என்று வந்துவிடும். இப்படியே கிழமை ஓடிவிட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் என்றால் கோயிலில் வைத்துத் தற்செயலாகப் பார்ப்பதுபோலப் பெண்ணைப் பார்ப்பார்கள். இங்கே பட்டிமன்றத்துக்கு வரச்சொன்னால் போயிற்று. மேடையில் நின்று பேசுகிற பிள்ளையை எட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. பிக்கரிங்காருக்குப் பிடித்துவிட்டதென்றால், பிறகு ஆறுதலாகத் தங்கையிடம் சொல்லலாம். இதை அவள் வேறு வாயால் கேள்விப்பட்டால் என்னாகும்? இனி அவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்விடுவாளே என்ற பயம். அதனால் நினைக்காமல் இருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் மூவரும் காரில் புறப்பட்டார்கள். பின் இருக்கையில் நிலாணி பேச்சுக் குறிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

“என்ன, பயமோ?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

“இல்லை அண்ணா.”

“சும்மா பேசு. தோத்தாலும் பரவாயில்லை.”

“தீர்ப்பு றெடிபோல” என்றாள் நிலாணி. பாலேஸ்வரி கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினாள்.

வோபர்னில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். வாசலில் இலை உதிர்த்த மேப்பிள் மரங்கள், உள்ளே வடை வாசம், தேநீர் டிரம்மைச் சுற்றிச் சிறுவர் பட்டாளம். புனிதவதி பட்டுச்சேலையும் மேலே குளிர்ச்சட்டையுமாக இரண்டாம் வரிசையில் வந்து அமர்ந்தார். பக்கத்தில் கீதன். கண்ணாடி போட்ட, வாட்டசாட்டமான பையன்தான். ஆனால் பல்வைத்தியரின் வாசலில் இருப்பவன்போல முகத்தை வைத்திருந்தான். கூச்சமாக்கும் என்று பொன்னம்பலம் எண்ணிக்கொண்டார்.

கேட்கத் தேவையில்லை என்ற அணிக்குத் தலைவர் உமாபதி. மதுரைக்காரர், பட்டிமன்றம் என்றால் சாப்பாடு தண்ணி வேண்டாம். எழுந்ததுமே சபையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நடுவர் அவர்களே! திருடன் செவுரு ஏறிக் குதிக்கிறான். நீங்க தடியை எடுப்பீங்களா, இல்ல வீட்டுல தூங்குற எல்லாரையும் எழுப்பி, ‘ஏம்மா, அடிக்கலாமா வேணாமா, ஆளுக்கு ஒரு கருத்து சொல்லுங்க’ன்னு கேப்பீங்களா? காங்கிரசுல ஐநூத்தி முப்பத்தஞ்சு பேரு சார்! ஐநூத்தி முப்பத்தஞ்சு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள திருடன் நம்ம வீட்டுலயே காபி போட்டுக் குடிச்சிட்டு, டம்ளரையும் கழுவி வச்சிட்டுப் போயிருப்பான்!”

மண்டபம் அதிர்ந்தது. பொன்னம்பலமும் வயிறு குலுங்கச் சிரித்தார். தண்ணீர் ஊற்றுகிற உதாரணத்தைவிட இது நல்லாயிருக்கிறதே, தீர்ப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பட்டது.

அடுத்து நிலாணி. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

“உமாபதி அண்ணை சொன்னது சரி. கள்ளன் எங்கட மதிலில ஏறினா தடியை எடுங்கோ. அதை ஆரும் மறிக்கேல்லை. ஆனா இது எங்கட மதிலில்லை. கடல் தாண்டி, இன்னொருத்தற்ற வளவுக்குள்ள, அங்கை இருக்கிறவன் கள்ளனாத்தான் இருப்பான் எண்டு நினைச்சு எறியிற தடி.”

கை தட்டினார்கள். அவள் காத்திருந்து தொடர்ந்தாள்.

“வியட்நாம் யுத்தம் முடியிற காலத்தில காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஜனாதிபதி படையை இறக்கினா நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்ள அறிவிக்கவேணும். அறுபது நாளைக்குள்ள சம்மதம் கிடைக்காட்டி நிப்பாட்டவேணும். ஏன் அப்பிடியொரு சட்டம்? ஏவிற ஆள் ஒராள், அனுபவிக்கிற ஆக்கள் வேற. அதுதான்.

“எனக்குப் பத்தொன்பது வயசில எங்கட ஊரில குண்டு விழுந்தது. எங்கட வீட்டில இல்லை, பக்கத்து வளவில. அடுத்த நாள் றேடியோவில, இலக்கு சரியாத் தாக்கப்பட்டதெண்டு சொன்னாங்கள். அந்த இலக்கு, சீமோன் அண்ணையின்ர மா அரைக்கிற மில். அண்டைக்கு எங்கட வீட்டு மிளகாயும் அங்கை அரைக்கக் குடுத்துக் கிடந்தது. குண்டு விழுந்த வேகத்தில தூள் முழுக்கக் காத்தில ஏறி, ரெண்டு நாளா ஊரெல்லாம் தும்மல்.”

சபை கொல்லென்று சிரித்தது.

“சீமோன் அண்ணைக்கு ஒரு கை போயிட்டுது” என்றாள் நிலாணி, அதே குரலில்.

சிரிப்பு பாதியில் நின்றது. தேநீர் டிரம்மடியில் இருந்த பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னம்பலம் அப்போது ரொறொன்ரோவில் இருந்தவர். மில் போன கதை அவருக்குக் கடிதத்தில் வந்திருந்தது. தும்மல் கதை வரவில்லை. எல்லாம் சொல்லுகிறவள் இதை ஏன் சொல்லாமல் விட்டாள் என்று யோசித்தார். தான் கேட்கவில்லை என்பது உறைத்தது.

நிலாணி இப்போது சபையை விட்டு நடுவர் பக்கம் திரும்பினாள்.

“நடுவர் அவர்களே, கேக்காமல் செய்யிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்கவேணுமெண்டில்லை. நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சிருப்பார். ‘அவை என்ர சொல்லைத் தட்டமாட்டினம், நான் சொன்னாச் சரி, முற்றாக்குங்கோ’ எண்டு எங்கையோ ரெலிபோனில சொல்லியும் போட்டிருப்பார். பிழை என்னெண்டா, அவருக்கு அது ஒரு ரெலிபோன் கோல். வந்து விழுறது வேற ஒராளின்ர வாழ்க்கையில.”

பொன்னம்பலத்தின் கையிலிருந்த பேனா உருண்டு மேசையால் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. முதல் வரிசையில் பாலேஸ்வரியைப் பார்த்தார். அவள் மண்டபக் கூரையில் எத்தனை விளக்கு என்று பார்ப்பவள்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அடுப்பைத் தணித்தது தொலைபேசிப் பேச்சைக் காதில் வாங்கத்தான் என்று இப்போது விளங்கியது.

நிலாணி வணக்கம் சொல்லி அமர்ந்தபோது கைதட்டல் எழுந்தது. எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒருவன் மட்டும் விடாமல் தட்டினான். கீதன். தாய் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவன் எழும்பியே விட்டான்.

“சொறி, நடுவர், ஒரு குவெஸ்சன் கேக்கலாமோ?”

சபையிலிருந்து ஒரு கேள்விக்கு இடம் கொடுப்பது பொன்னம்பலத்தின் வழக்கம். இன்றைக்கென்று மறுக்க முடியவில்லை. தலையாட்டினார்.

“இந்த ஜனாதிபதி தன்ர ஆக்களைக் கேக்கேல்லை, ஓகே. ஆனா மற்றப் பக்கத்து ஜனாதிபதியும் தன்ர ஆக்களைக் கேக்காமலே இவரோட ஒரு டீல் முற்றாக்கி இருந்தா? வாற வழியில காருக்குள்ள வைச்சு மட்டும் சொன்னா? அப்ப ரெண்டு பக்கமும்தானே றோங்?”

நல்ல கேள்வி என்று சனம் தட்டியது. சூடானா ஆப்கானிஸ்தானா எந்த நாட்டைச் சொல்லுகிறான் என்று பின்வரிசையில் ஒரு விவாதம் தொடங்கியது. புனிதவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மேடையில் நிலாணி முதன்முதலாகக் கீதனை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு சிரிப்பை அடக்கக் குறிப்புகளால் முகத்தை மறைத்தாள்.

மற்றப் பேச்சாளர்கள் என்ன பேசினார்கள் என்று பொன்னம்பலத்துக்கு ஞாபகமில்லை. தீர்ப்புக்கு அழைத்தபோது எழுந்து ஒலிவாங்கியடிக்குப் போனார். வீட்டிலிருந்து கொண்டுவந்த தீர்ப்பு நாக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பகிடி விடுவார். சபை அதற்காகக் காத்திருந்தது. அவர் நிலாணியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பார். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகப் போயிற்று, வாழ்க்கையில் அப்படியொரு வெட்கம் வந்ததில்லை.

“சபையோர்களே,” என்றார். “உமாபதி அவர்களின் திருடன் நல்ல திருடன். ஆனால் இந்தக் கதையில் திருடனே இல்லை. வீடும் எரியவில்லை. கேட்பதற்கு நேரம் நிறைய இருந்தது. கேட்டிருக்கலாம். நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் சொல்லியாவது இருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஆகவே, எவ்வளவு பெரிய ஜனாதிபதியாக இருந்தாலும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், கேட்காமல் செய்தது பிழை. பிழைதான். கேட்கவேண்டும் என்ற அணியே வென்றது.”

பகிடி இல்லாத தீர்ப்பைச் சனம் அன்றைக்குத்தான் கேட்டது. அமெரிக்காவை இவ்வளவு மனம் நொந்து கண்டித்தவர் வேறு யாருமில்லை என்று சங்கச் செயலாளர் நன்றியுரையில் சொன்னார். உமாபதி வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, “என்ன சார், வீட்டுல செஞ்ச தீர்ப்பு மாதிரியே இல்லையே?” என்று கண்ணடித்தார்.

தேநீர் மேசையடியில் புனிதவதி பிடித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, இப்பிடிச் சொல்லிப்போட்டியள்?”

“அக்கா, நான் தங்கச்சியைக் கேக்காமல் உங்களுக்குச் சொல் குடுத்திட்டன். மன்னிக்கவேணும்.”

புனிதவதி தேநீரை ஒரு மிடறு குடித்தார். “நானும் பெடியனைக் கேக்கேல்லைத்தான்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஆனா தம்பி, நான் லண்டனுக்கும் பாரிசுக்கும் நோர்வேக்கும் ரெலிபோன் எடுத்து, முற்றாப் போச்செண்டு சொல்லிப்போட்டன். உங்கட மாமாவுக்கும் நான்தான் சொன்னது. அந்தாள் அழுதிட்டுது, சந்தோசத்தில.”

பொன்னம்பலம் கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார்.

வெளியே கார் தரிப்பிடத்தில் நிலாணி நின்றாள். அவர் கிட்டப் போனார். வாய் தன்பாட்டில் “குளிர் கூ” என்று தொடங்கியது. அவர் அதை நிறுத்தினார்.

“நிலாணி, உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். புனிதவதி அக்காவின்ர மகன் கீதன். உனக்கு விருப்பமோ?”

“இல்லை அண்ணா.”

யோசிக்கக்கூட இல்லை. பிரேக்கைத் தேடிக் கால் தானாக அமுங்கியது. கீழே வெறும் தார்தான் இருந்தது.

“நல்ல பெடியன்...”

“ஓம், நல்ல பெடியன். எனக்கு விருப்பமில்லை. அண்டைக்குக் கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்.”

“அதுதான் எனக்குப் பயம்” என்றார் பொன்னம்பலம். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது. “கேட்டா இல்லையெண்டிடுவாய் எண்டுதான் கேக்கேல்லை.”

நிலாணி அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். வீடுவரை அவளே ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் இருந்த பொன்னம்பலம் இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

“அண்ணா, உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமோ?” என்றாள், எல்ஸ்மியர் வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது. “கீதனுக்கு ஏற்கெனவே ஆள் இருக்காம். ரீ குடிக்கேக்கை சொன்னவர். தாய்க்கு இன்னும் அறிவிக்கேல்லையாம். நாப்பத்தெட்டு மணித்தியாலம் தாண்டி மூண்டு வருசமாம்.”

பின்னால் இருந்து பாலேஸ்வரி சிரித்த சிரிப்பில் கார்க் கண்ணாடியில் ஆவி படிந்தது. பொன்னம்பலமும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, மேலாளர் மறுபடி முறைக்கிறான் என்று நிலாணி சொல்லத் தொடங்கினாள். அவர் ஒரு சப்பாத்தோடு நின்றபடி கடைசிவரை கேட்டார்.

மறுநாள் காலை, தொலைபேசிக்கு முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்தார். கையில் மூன்று போன் கார்ட். லண்டன், பாரிஸ், நோர்வே.

“நான் எடுத்துச் சொல்லட்டே?” என்று நிலாணி கேட்டாள்.

“வேண்டாம். ஏவினவன் நான், நான்தான் திருப்பி எடுக்கவேணும்.”

அவள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தாள். பொன்னம்பலம் கார்டைச் சுரண்டி, நீண்ட இலக்கங்களை அழுத்தி, இருமுறை பிழைத்து, கடைசியில் லண்டன் மாமாவைப் பிடித்தார். மாமா எடுத்த எடுப்பிலேயே மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்டார்.

“மாமா, அது சரிவரேல்லை. பிழை என்னிலதான். நான் அவளைக் கேக்காமல் சொல் குடுத்திட்டன்.”

மறுமுனையில் கொஞ்சம் இரைச்சல். “அப்ப இப்பவாவது அவளைக் கேட்டனியோ?” என்று மாமா கத்தியது நிலாணிக்கும் கேட்டது.

“ஓம் மாமா, கேட்டனான்” என்றார் பொன்னம்பலம். “இல்லையெண்டு சொல்லிப்போட்டா.”

அதைச் சொல்லும்போது, முன்பெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லுகையில் வருகிற அதே பெருமை குரலில் வந்து சேர்ந்தது. மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிலாணி அடுத்த கார்டை எடுத்து, நாணயத்தால் சுரண்டத் தொடங்கினாள்.